இந்திய–இலங்கை வர்த்தகப் பற்றாக்குறைக்கு 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தம்தான் காரணமா?

இந்தியாவோடு 2000-ல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு இலங்கையின் பற்றாக்குறை பல மடங்கு ஏறியிருக்கிறதே, அப்படியானால் அந்த ஒப்பந்தத்தில் இலங்கை ஏமாந்துவிட்டதா, இப்போது பேசப்படும் புதிய ஒப்பந்தத்திலும் அதுவே நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: ஒப்பந்தம் முன்னால் வந்தது, பற்றாக்குறை பின்னால் வந்தது, அதனால் இதனால்தான் அது என்று. முதலில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இலங்கை இந்தியாவிடம் வாங்கும் சரக்கில் எவ்வளவு உண்மையிலேயே இந்த ஒப்பந்தத்தின் சலுகையைப் பயன்படுத்தி உள்ளே போகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் ஓரளவு தெளிந்துவிடும்.

நான் சென்னைத் துறைமுகத்தில் சுங்க ஆவண வேலை பார்ப்பவன். இலங்கையிலிருந்து வரும் சரக்குக்குப் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) போடுவதும், அதோடு வரும் மூல நாட்டுச் சான்றிதழைச் சரிபார்ப்பதும் (எங்கள் பேச்சில் அது சி.ஓ.ஓ.) பல வருடங்களாக என் அன்றாட வேலை. ஆகவே இந்தியக் கரையிலிருந்துதான் இந்த வணிகத்தைப் பார்க்கிறேன். கொழும்புப் பக்கத்தில் நடப்பதை அங்கிருந்து வரும் காகிதங்கள் வழியாகவும், அங்குள்ள முகவர்களோடு பேசுவதன் வழியாகவும் அறிந்தவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1998 டிசம்பர் 28-ல். வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பெரிய நாடு, சிறிய நாடு என்ற வித்தியாசத்தை அதில் எழுதியே வைத்தார்கள். இந்தியா 1,351 பொருள்களுக்கு உடனடியாக வரியை நீக்கியது, இலங்கை 319 பொருள்களுக்கு மட்டும். மீதியை முடிக்க இந்தியாவுக்கு மூன்று வருடம், இலங்கைக்கு எட்டு வருடம். சலுகையே கிடையாது என்று ஒதுக்கி வைக்கும் விலக்குப் பட்டியலில் இந்தியா 429 பொருள்களை வைத்தது, இலங்கை 1,180. காகிதத்தில் இது இலங்கைக்குச் சாதகமாகவே எழுதப்பட்டது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வழியில்லை.

இனி எண்கள். 2000-ல் இலங்கை இந்தியாவிடம் வாங்கியது ஏறத்தாழ 60 கோடி டாலர். விற்றது 6 கோடி டாலருக்கும் கீழே. அதாவது பத்து வாங்கினால் ஒன்று விற்றது. 2023-ல் இலங்கை மத்திய வங்கிக் கணக்குப்படி வாங்கியது 300 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியது. விற்றது 80 கோடி டாலருக்கு மேல். இப்போது நான்கு வாங்கினால் ஒன்று விற்கிறது. பற்றாக்குறையை டாலரில் பார்த்தால் நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. விகிதத்தில் பார்த்தால் நிலைமை முன்னேறியிருக்கிறது. இரண்டுமே உண்மை. கட்சி கட்டிப் பேசுபவர்கள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 6 கோடி என்பது மிகச் சிறிய தொடக்கம், அதிலிருந்து மடங்குக் கணக்கு போட்டால் எதுவும் பிரமாதமாகத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்த 300 கோடி டாலர் சரக்கு என்ன? பெட்ரோலியப் பொருள்கள், மருந்து, துணி, சர்க்கரை, இரும்பு, சிமென்ட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படும் வரை முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் சிறிய கார்களும். இவற்றில் பெரும்பகுதி ஒப்பந்தத்தைத் தொடாமலே உள்ளே போகிறது. ஆடைத் தொழிற்சாலைகளுக்கான துணி மீது இலங்கை 1997-லேயே இறக்குமதி வரியை எடுத்துவிட்டது, எந்த நாட்டிலிருந்து வந்தாலும். மருந்துக்கும் பொதுவாகவே வரி இல்லை, அல்லது மிகக் குறைவு. யாருக்கும் வரி இல்லாத பொருளுக்கு இந்தியாவிலிருந்து சான்றிதழ் வாங்கிக் கொண்டுபோய் யாரும் மெனக்கெட மாட்டார்கள். வேறு பல பொருள்கள் இலங்கையின் விலக்குப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்கு முழு வரி கட்டித்தான் இறக்குகிறார்கள். எதிர்த்திசையில் பாருங்கள்: இலங்கை இந்தியாவுக்கு அனுப்பும் சரக்கில் பாதிக்கு மேல் ஒப்பந்தச் சலுகையோடுதான் வருகிறது. என் மேசைக்கு வரும் கொழும்பு சரக்குக் கோப்புகளில் சி.ஓ.ஓ. இல்லாதது குறைவு. ஆக, ஒப்பந்தத்தின் கதவை அதிகம் பயன்படுத்துவது இலங்கை ஏற்றுமதியாளர்கள். இந்திய ஏற்றுமதியாளர்களில் பலருக்கு அந்தக் கதவு தேவைப்படவே இல்லை.

இதைச் சோதிக்க இன்னொரு வழி சீனா. சீனாவோடு இலங்கைக்கு நடைமுறையில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கிடையாது. 2014-ல் பேச்சு தொடங்கி இன்னும் முடியவில்லை. ஆனாலும் சீனாவிடமிருந்து இலங்கை வாங்குவது இந்தியாவிடம் வாங்குவதற்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கிறது. சில வருடங்களில் அதையும் தாண்டியிருக்கிறது. சீனாவுக்கு விற்பதோ வாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒப்பந்தம் உள்ள நாட்டோடு நான்குக்கு ஒன்று, இல்லாத நாட்டோடு பத்துக்கு ஒன்று. பற்றாக்குறைக்கு ஒப்பந்தம்தான் காரணம் என்றால் இதை விளக்க முடியாது. இலங்கை எரிபொருள், இயந்திரம், மூலப்பொருள் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வாழும் தீவு. அவற்றை மலிவாகவும் அருகிலும் விற்பவர்களோடு பற்றாக்குறை வரத்தான் செய்யும்.

அப்புறம், ஒரு நாட்டோடு மட்டும் பற்றாக்குறை என்பதை நட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருப்பூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ போகும் துணி கொழும்புக்கு அருகே தைக்கப்பட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அந்தத் துணி இந்தியக் கணக்கில் பற்றாக்குறையாகப் பதிவாகும். சட்டையாக மாறிய பின் அமெரிக்கக் கணக்கில் உபரியாகப் பதிவாகும். இலங்கையின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தை அமெரிக்கா. மொத்த ஏற்றுமதியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அங்கே போகிறது. துணி வாங்குவதை நிறுத்தினால் இந்தியப் பற்றாக்குறை குறையும், சட்டை விற்பதும் நின்றுவிடும். இலங்கை கவலைப்பட வேண்டியது எல்லா நாடுகளோடும் சேர்த்த மொத்தப் பற்றாக்குறையைப் பற்றி. அதை வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணமும் சுற்றுலாவும் எவ்வளவு ஈடு செய்கின்றன என்பதைப் பற்றி. 2022-ல் நாடு நொடிந்ததற்குக் காரணம் அந்த மொத்தக் கணக்கும் வெளிநாட்டுக் கடனும். இந்தியாவோடு உள்ள இருதரப்புக் கணக்கை அதற்குக் காரணமாகக் காட்ட முடியாது.

நான் மேலே கொடுத்தது இலங்கையின் எண்கள். இந்திய வணிக அமைச்சகத்தின் கணக்கில் 2023–24 நிதியாண்டில் இலங்கைக்கு ஏற்றுமதி சுமார் 411 கோடி டாலர், அங்கிருந்து இறக்குமதி சுமார் 142 கோடி டாலர். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிலும் இந்திய எண் பெரிது. விவாதங்களில் ஒருவர் டெல்லி எண்ணையும் மற்றவர் கொழும்பு எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்பதைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசத்தில் ஒரு பகுதி புரிந்ததுதான்: இந்தியா ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிடுகிறது, இலங்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை. இறக்குமதியை இரு நாடுகளும் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த மதிப்பில் பதிகின்றன, ஏற்றுமதியை அவை இல்லாத மதிப்பில். ஆனால் இவை மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தராது. கொழும்பு பெரிய இடைமாற்றுத் துறைமுகம் என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். கொழும்பில் இறங்கி வேறு கப்பலில் மாறப்போகும் சரக்குக்கும் சில ஏற்றுமதியாளர்கள் ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பில்) சேருமிடமாகக் கொழும்பையே எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியது இந்தியக் கணக்கில் இலங்கை ஏற்றுமதியாக ஏறும், இலங்கைச் சுங்கத்தில் ஏறாது. இது நடப்பது எனக்குத் தெரியும். மொத்த இடைவெளியில் இதன் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. ஒரே நாட்டின் எண்ணைத் தொடக்கம் முதல் இறுதி வரை பயன்படுத்தினால் போக்கு சரியாகத் தெரியும். இரண்டையும் கலக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதை வைத்து ஒப்பந்தம் இலங்கைக்கு அருமையாக வேலை செய்தது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் வந்த முதல் ஐந்தாறு வருடங்களில் இலங்கையின் ஏற்றுமதி எப்படி ஏறியது என்று பார்த்தால் அது புரியும்.

2005-ல் இலங்கை இந்தியாவுக்கு விற்றது 55 கோடி டாலரைத் தாண்டியது. ஐந்து வருடத்தில் ஒன்பது பத்து மடங்கு. அதில் ஏறத்தாழ பாதி இரண்டே இரண்டு பொருள்: வனஸ்பதியும் செம்பும். இலங்கையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வனஸ்பதிக்கு வேண்டிய பாமாயிலும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. இந்தியா அப்போது கச்சா பாமாயிலுக்கு மிக உயர்ந்த வரி வைத்திருந்தது; இலங்கையில் வரி மிகக் குறைவு. பாமாயிலை நேரடியாகச் சென்னையிலோ காண்ட்லாவிலோ இறக்கினால் அந்த வரியைக் கட்ட வேண்டும். அதே எண்ணெயைக் கொழும்பில் இறக்கி, ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதியாக மாற்றி அனுப்பினால் இந்தியாவில் வரி பூஜ்யம். இதற்காகவே இலங்கையில் ஆலைகள் எழுந்தன. அவற்றில் பல இந்தியர்கள் போட்ட முதலீடு.

இது ஒப்பந்தத்தை மீறியதா என்றால், எழுத்தின்படி இல்லை. ஒரு பொருள் 'இலங்கைப் பொருள்' ஆக இரண்டு நிபந்தனை. முதலாவது, உள்ளே வந்த மூலப்பொருளுக்கும் வெளியே போகும் பொருளுக்கும் எச்.எஸ். குறியீட்டின் (எல்லா நாட்டுச் சுங்கமும் பயன்படுத்தும் சரக்கு வகைப்பாட்டு எண்) முதல் நான்கு இலக்கம் மாற வேண்டும். பாமாயில் 1511, வனஸ்பதி 1516, மாறிவிட்டது. செம்புக் கழிவு 7404, அதை உருக்கி வரும் செம்பு 7403, அதுவும் மாறிவிட்டது. இரண்டாவது, ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இலங்கையில் சேர்க்கப்பட்ட மதிப்பாக இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளைச் சேர்த்திருந்தால் இலங்கையின் சொந்தப் பங்கு 25 சதவீதம் இருந்தால் போதும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் சிக்கல். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றுவதிலும் கழிவை உருக்குவதிலும் உண்மையில் அவ்வளவு மதிப்பு சேருமா?

சேராது என்றால் பில்லில் சேர்க்கலாம். சுங்க ஏய்ப்பு என்றாலே விலையைக் குறைத்துக் காட்டுவது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சலுகை ஒப்பந்தத்தில் அது தலைகீழாகிறது. 60 டாலருக்குக் கழிவு வாங்கி, 75 டாலர் பெறுமான செம்பாக மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். சேர்ந்தது 15 டாலர், 75-ல் 20 சதவீதம், சலுகை கிடையாது. அதே செம்புக்கு 95 டாலர் என்று பில் போட்டால் சேர்ந்தது 35 டாலராகக் காட்டலாம், 36 சதவீதத்துக்கு மேல், சலுகை உண்டு. வரியே பூஜ்யம் என்பதால் மதிப்பை ஏற்றிக் காட்டினாலும் இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரியாக ஒரு ரூபாய்கூடக் கூடாது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே குழுமம் என்றால் அதிகப் பணம் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போகிறது, அவ்வளவுதான். எல்லா ஆலைகளும் இதைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தியத் தரப்பின் குற்றச்சாட்டு இதுதான். செம்புக்கு உலகச் சந்தையில் தினசரி விலை வெளிப்படையாகத் தெரியும் என்பதால் அதில் இந்தக் கேள்வியை எழுப்புவது சுலபமாகவும் இருந்தது.

முடிவு என்ன ஆயிற்று என்பது முக்கியம். இந்திய வனஸ்பதி ஆலைகள் கூச்சல் போட, இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்ற உச்சவரம்பு வந்தது. 2008 ஏப்ரலில் உள்நாட்டு விலைவாசியைக் கட்டுப்படுத்த இந்தியா கச்சா சமையல் எண்ணெய்க்கு வரியையே நீக்கியது. கொழும்பு வழியாகச் சுற்றிவர இருந்த ஒரே காரணம் அந்த வரிதான். அது போனதும் ஆலைகளுக்கு வேலை இல்லை. 2005-க்குப் பிறகு இலங்கையின் இந்திய ஏற்றுமதி சரிந்து 2009-ல் 32 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. டெல்லியில் ஒரு வரி அறிவிப்பில் கொழும்பில் ஒரு தொழில் மறைந்தது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி இரு நாட்டிலும் அதிகம் பேசப்படவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். வரி வித்தியாசத்தின் மேல் கட்டிய ஏற்றுமதிக்குத் தொழில்திறன் என்ற அடித்தளம் இல்லை. இதே கதையை நேபாளமும் வேறொரு முறை பார்த்தது: 2018-க்குப் பிறகு அங்கிருந்து சுத்திகரிக்கப்பட்ட பாமாயில் இந்தியாவுக்குக் கொட்டியது, 2020 ஜனவரியில் இந்தியா கட்டுப்பாடு போட்டதும் அடங்கியது. பாமாயில் நேபாளத்தில் விளைவதில்லை.

இந்தப் பழைய அனுபவம் இன்றைய வணிகத்தையும் கெடுக்கிறது என்பதுதான் என் போன்றவர்கள் தினமும் பார்ப்பது. மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்தளை, கண்டிப் பகுதியில் விளையும் மிளகு நல்ல காரமுள்ள, எண்ணெய்ச் சத்து மிகுந்த சரக்கு. மசாலா சாறு எடுக்கும் கேரள ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. இதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் சலுகை இல்லாத சரக்குக்கு இந்தியா வைத்திருக்கும் பொது வரி 70 சதவீதம். ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரி இல்லை. தெற்காசிய நாடுகள் சேர்ந்து போட்ட சாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீதம். இவ்வளவு இடைவெளி இருந்தால், மலிவான வியட்நாம் மிளகு கொழும்பில் பெயர் மாறி வருகிறது என்ற சந்தேகம் தானாக எழும். கேரள, கர்நாடக விவசாயிகள் அதைச் சொல்லித்தான் போராடினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது; அதற்குக் கீழான விலையில் வரும் சரக்கை இறக்க முடியாது. கொட்டைப்பாக்குக்கும் அப்படியே, பொது வரி 100 சதவீதம், 2023 பிப்ரவரியில் குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 351 ரூபாயாக ஏறியது. குறைந்தபட்ச விலை என்பது வியட்நாம் மிளகையும் மாத்தளை மிளகையும் பிரித்துப் பார்க்காது. நேர்மையான இலங்கை விவசாயியும் அதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்.

2020 செப்டம்பர் 21 முதல் இன்னொரு மாற்றம். அதுவரை கொழும்பில் வணிகத் திணைக்களம் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் பெரும்பாலும் போதும். சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்து, கரோட்டார் என்று நாங்கள் சொல்லும் விதிகளைக் கொண்டுவந்த பிறகு, அந்தச் சரக்கு எப்படி இலங்கைப் பொருள் ஆனது என்ற விவரத்தை இந்திய இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும்: என்ன மூலப்பொருள், எங்கிருந்து வந்தது, மதிப்பு எவ்வளவு சேர்ந்தது. ஐந்து வருடம் பாதுகாக்கவும் வேண்டும். நோக்கம் சரியானதே. நடைமுறையில் விற்பவர் தன் அடக்கச் செலவை வாங்குபவரிடம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது; எந்த வியாபாரியும் அதை விரும்ப மாட்டார். பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிடுகின்றன. மாதத்துக்கு ஒரு கொள்கலன் இறக்கும் சிறியவர்களில் சிலர் சலுகையே வேண்டாம், முழு வரி கட்டிவிடுகிறோம் என்கிறார்கள். சிலர் அந்தப் பொருளையே விட்டுவிட்டார்கள். நீங்கள் அப்படிப்பட்ட ஒருவராக இருந்தால் என் யோசனை: சரக்கு கப்பலேறும் முன்பே அந்த விதிகளின் படிவம் 1-ல் கேட்கும் விவரங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

இலங்கை உண்மையிலேயே திறமையாகச் செய்யும் இரண்டு பொருளில் ஒப்பந்தம் கஞ்சத்தனமாக இருந்தது. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை. ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி, அதிலும் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்களில்தான் இறக்க வேண்டும் என்று தொடங்கியது. இந்த நிபந்தனைகள் பின்னால் தளர்த்தப்பட்டன. தேயிலையில் அந்த ஒதுக்கீடே நிரம்பியதில்லை. அதற்குக் காரணம் விதி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இந்தியர்கள் குடிப்பது பெரும்பாலும் பாலில் நிறம் பிடிக்கும் சிடிசி தூள். இலங்கை செய்வது பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் இலை. வரியை எடுத்துவிட்டால் மட்டும் நாக்கு மாறிவிடாது. ஆடையில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே விதிதான் தடுத்தது. தொடக்கத்திலேயே தாராளமாக விட்டிருந்தால் இன்றைய எண் வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு.

இலங்கைப் பக்கமும் கதவை முழுவதும் திறந்துவிடவில்லை. ஒப்பந்தம் நீக்கியது சுங்க வரியை மட்டும். செஸ் என்ற மேல்வரி, துறைமுக–விமான நிலைய அபிவிருத்தி வரி என்று அதன்மேல் இருக்கும் மற்றவை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லை. 'வரி பூஜ்யம்' என்ற நம்பிக்கையில் சரக்கு அனுப்பிய இந்தியச் சிறு ஏற்றுமதியாளர்கள் கொழும்பில் கட்ட வேண்டிய மொத்தத்தைப் பார்த்துத் திகைப்பதுண்டு. இந்தியப் பக்கத்தில் இதற்கு இணையானது பரிசோதனை: உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) மாதிரி எடுப்பு, பல தொழிற்பொருளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று. கொழும்பில் ஆய்வகம் கொடுத்த அறிக்கையை இங்கே பெரும்பாலும் ஏற்பதில்லை; திரும்பவும் மாதிரி, திரும்பவும் காத்திருப்பு. பிஸ்கட் போன்ற குறைந்த ஆயுள் பொருளுக்கு அந்தக் காத்திருப்பே ஒரு வரி. இத்தனைக்கும் நடுவே மெத்தை, மரச்சாமானோடு வந்து தமிழ்நாட்டில் கடைகடையாக நிலைத்த டாம்ரோ போன்ற இலங்கை நிறுவனங்களும் உண்டு. மின்கம்பி, கால்நடைத் தீவனம், ரப்பர் பொருள்கள் என்று வனஸ்பதியைவிட நிதானமாக வளர்ந்தவையும் உண்டு. என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தின் உண்மையான பலன் இவைதான். எண்ணிக்கையில் கவர்ச்சி இல்லாததால் யாரும் பேசுவதில்லை.

அருகில் இருப்பவரையே நம்பி வாங்குவதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 2023 டிசம்பர் 8-ல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. கொழும்பில் விலை எகிறியது. 2024 ஏப்ரலில் சிறப்பு அனுமதியாக 10,000 டன் அனுப்பினார்கள். ஒப்பந்தம் இறக்குமதி வரியைப் பற்றிப் பேசுகிறது. விற்பவர் திடீரென்று விற்க மறுப்பதைப் பற்றி எதுவும் செய்யவில்லை. அதே அருகாமை 2022-ல் வேறுவிதமாக உதவியது. டாலர் தீர்ந்து, கப்பல்கள் சரக்கை இறக்காமல் வெளியே நின்றபோது, இந்தியாவின் உதவி மொத்தம் சுமார் 400 கோடி டாலர். அதில் உணவு, மருந்துக்கான 100 கோடி டாலர் கடன் வசதியும் எரிபொருளுக்கான 50 கோடி டாலரும் அடக்கம். அந்த ஆண்டு இலங்கையின் இறக்குமதியில் இந்தியாவின் பங்கு நான்கில் ஒன்று அளவுக்கு ஏறியதற்கு அந்தக் கடனும் ஒரு காரணம். 2022-ன் பற்றாக்குறை எண்ணை மட்டும் தனியே எடுத்துக்காட்டி வாதிடுபவர்கள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிடமிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி ஒப்பந்தத்துக்கு வெளியே போகிறது என்பது உறுதி. ஆகவே பற்றாக்குறையின் பெரும்பகுதிக்கு ஒப்பந்தத்தைப் பொறுப்பாக்க முடியாது. இலங்கை ஏற்றுமதியாளர்கள் சலுகையை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உறுதி. ஒப்பந்தமே இல்லாதிருந்தால் இலங்கையின் ஏற்றுமதி இன்று எங்கே இருந்திருக்கும் என்பது உறுதியில்லை. பொருளாதார அறிஞர்கள் மாதிரிகள் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அனுமானத்தை மாற்றினால் விடை மாறும். போர் 2009 வரை நடந்தது, அந்தக் காலத்தில் வேறு எத்தனையோ காரணங்கள் கலந்திருக்கின்றன. இலங்கையின் சிறு தொழில்கள் எவை இந்தியச் சரக்கால் நசிந்தன என்பதும் சென்னையில் உட்கார்ந்து சொல்லக்கூடியதல்ல. அங்குள்ள உற்பத்தியாளர்கள் சொல்வதற்கு என் பதிலைவிட எடை அதிகம்.

புதிய ஒப்பந்தம் பற்றிக் கேட்டதற்கு. முதலில் சீப்பா என்ற விரிவான ஒப்பந்தம் பேசி, 2008-ல் கையெழுத்தாகும் நேரத்தில் நின்றுபோனது. 2016 முதல் எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் பேச்சு நடக்கிறது. இடையில் சில வருடம் நின்று 2023-ல் மீண்டும் தொடங்கியது. அதைச் சுற்றிய எதிர்ப்பில் பெரும்பகுதி இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்துவிடுவார்களோ என்பது பற்றியது. அது சேவைத் துறை. என் துறை இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். சரக்கைப் பொறுத்தவரை வரைவு வெளியானால் நான் முதலில் தேடப் போவது விலக்குப் பட்டியலின் நீளத்தை இல்லை. ஆடை ஒதுக்கீடு நீங்குகிறதா என்று பார்ப்பேன். எல்லாப் பொருளுக்கும் ஒரே 35 சதவீதம் என்ற விதி போய், மிளகு போன்ற விளைபொருளுக்கு 'அங்கேயே விளைந்தது' என்று தோட்டம் வரை நிரூபிக்கும் முறையும், எண்ணெய், உலோகத்துக்குத் தனி விதியும் வருகிறதா என்று பார்ப்பேன். கொழும்பு ஆய்வக அறிக்கையைச் சென்னையிலும், சென்னை அறிக்கையைக் கொழும்பிலும் ஏற்கும் உடன்பாடு இருக்கிறதா, இலங்கையின் செஸ் வகை வரிகளுக்குக் காலக்கெடு இருக்கிறதா, ஒரு தரப்பு திடீரென்று குறைந்தபட்ச விலையோ ஏற்றுமதித் தடையோ போட்டால் மற்றவருக்கு முன்னறிவிப்பு உண்டா என்றும் பார்ப்பேன். இவை இருந்தால் மாத்தளை விவசாயிக்கும் கொழும்பு ஆடை ஆலைக்கும் பலன் வரும். இவை இல்லாமல் பூஜ்ய வரிப் பொருள்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் அடுத்த பாமாயிலை யாராவது கண்டுபிடிப்பார்கள்; நாலைந்து வருடம் ஏற்றுமதி எண் ஏறும், பிறகு டெல்லியிலிருந்து ஒரு அறிவிப்பு வரும்.